மருமகனுக்காக ஒரு வார்த்தை

சீசன் முடிந்தால் ஜேர்சிகள் எல்லாம் ராஜலிங்கத்தின் வீட்டுக்குத்தான் வந்து சேரும். அவர் பயிற்சி கொடுக்கும் உதைபந்தாட்டக் கழகத்துக்கென்று ஒரு அறையோ அலுமாரியோ கிடையாது. கடைசி ஆட்டம் முடிந்த கையோடு பையன்கள் கழற்றிப் போட்டதை ஒரு உரச்சாக்கில் அள்ளி, கண்டி போகம்பரை மைதானத்திலிருந்து மஹய்யாவ ஏற்றம் வரை அவரே தோளில் சுமந்து வருவார். ஜெயராணி அவற்றைப் பெரிய பேசினில் ஊறப்போட்டு, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் குழாயடியில் உட்கார்ந்து பிரஷ் போட்டுத் தேய்ப்பாள். மருமகன் நிரஞ்சன் வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுப்பான். மகள் தர்ஷிகா கொடியில் போடுவாள். நாலு பேரும் குழந்தையும் இருக்கும் அந்த வீட்டில், வருஷத்தில் ஒரு தடவை எல்லோரும் சேர்ந்து செய்யும் வேலை அது ஒன்றுதான்.

"இந்த வருஷம் சேறு கூட" என்றாள் ஜெயராணி.

"விழுந்து விழுந்து தோத்தா சேறு கூடத்தானே செய்யும், அத்தை" என்றான் நிரஞ்சன்.

அவள் சிரித்துவிட்டாள். ராஜலிங்கம் சிரிக்கவில்லை. கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியிருந்தது. அவர் பயிற்சி கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு இறக்கம் இல்லை.

முனிசிபலில் தண்ணீர்க் குழாய் வேலை செய்பவர் ராஜலிங்கம். ரோட்டைத் தோண்டாமலே எந்த இடத்தில் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லுவார் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். மைதானத்திலும் அதே பேர்தான் அவருக்கு. ஒருவன் ஓடுவதைப் பார்த்தே அவன் காலில் எங்கே நோவு, மனதில் எங்கே பயம் என்று சொல்லிவிடுவார். யாருடைய முகத்துக்காகவும் வார்த்தையை மாற்றமாட்டார். 'உனக்கு இந்த ஆட்டம் சரிவராது, போய் ஒரு தொழிலப் பழகு' என்று அவர் சொன்ன பையன்கள் எத்தனையோ பேர் அழுதுகொண்டு போய்த் தொழில் பழகி, இப்போது அவரைக் கண்டால் த்ரீவீலை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

நிரஞ்சன் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் வளர்ந்த பையன். மலையிலிருந்து கால்நடையாக இறங்கி வந்து மைதானத்து ஓரமாக நின்றுகொண்டிருந்தவனை உள்ளே கூப்பிட்டு, பின்னால் நிறுத்தி, கழகத்தின் நடுத்தூணாக ஆக்கியது அவர்தான். அந்த நாட்களில் அவனைப் பற்றிப் பேசுவார். தர்ஷிகாவை அவனுக்குக் கட்டிக்கொடுத்த பிறகு பேச்சு நின்றுபோனது. மைதானத்தில் அவன் பேரைக்கூடச் சொல்லமாட்டார். "டேய் அஞ்சு, ஏறு! அஞ்சு, பின்னால பாரு!" என்று ஜேர்சியின் இலக்கத்தைத்தான் கூப்பிடுவார். சொந்தக்காரனுக்குச் சலுகை என்று ஒருத்தர் வாயிலும் வந்துவிடக்கூடாது. வீட்டுக்கு வந்தால் தட்டை அவன் பக்கம் நகர்த்தி வைப்பார். அதற்குமேல் ஒன்றும் இல்லை. நிரஞ்சனும் அதை ஒரு குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

கழகத்தைத் தாங்கி நிற்பது மக்கீன் ஹாஜியார். கட்டுகஸ்தோட்டை ரோட்டில் சீமெந்து, டைல், பெயின்ட் விற்கும் பெரிய கடை அவருடையது. விளையாடுகிறவர்களுக்கு அவர் சம்பளம் என்று கையில் கொடுப்பதில்லை. ஐந்து பேருக்குக் கடையில் வேலை கொடுத்திருந்தார், மற்றவர்கள் சும்மா வந்து விளையாடுகிறவர்கள். காலையில் லொறி இறக்குவார்கள், பின்னேரம் பிராக்டிஸுக்கு விட்டுவிடுவார். ஆகவே அந்த ஐந்து பேரில் ஒருவனைக் கழகத்திலிருந்து நிறுத்துவது என்றால் அவன் வேலையையும் நிறுத்துவதுதான். நிரஞ்சனும் அவர்களில் ஒருவன். ஸ்டோர்ஸ் சாவி அவன் இடுப்பில்தான் இருந்தது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அடுத்த வருஷத்துக்கு இவர்களில் யாரை வைத்துக்கொள்வது என்று முடிவானதும், அயன் பண்ணிய ஜேர்சியை ராஜலிங்கமே அந்தந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். தாய் இருந்தால் தாய் கையில், இல்லாவிட்டால் மனைவி கையில். கொடுத்த ஜேர்சியைத் திரும்ப வாங்குவதில்லை. நிறுத்தப்பட்டவனுக்கு யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள், அவ்வளவுதான். ராஜலிங்கத்துடன் பையைத் தூக்கிக்கொண்டு போவது எப்போதும் நிரஞ்சன்.

சனிக்கிழமை கடையின் மேல்மாடியில் கூட்டம். டைல் பெட்டிகளுக்கு நடுவில் நாலு கதிரை போட்டிருந்தார்கள். ஹாஜியார், காரியதரிசி இராமகிருஷ்ணன், கமிட்டியில் இருக்கும் பஹ்மி, ராஜலிங்கம். வெளியே மார்கழி மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

ஹாஜியார் நேராகவே தொடங்கினார். "ஊரு ஒலகத்துல ஆரும் ஊடு கட்டியல்ல. கட்டத் தொடங்கினவனும் பாதில நிப்பாட்டி வெச்சீக்கி. அஞ்சு பேர வெச்சிக்கொள எனக்கு ஏலா. மூணு பேர் சரி. ஆரு அந்த மூணு பேர் எண்டு நான் சொல்லமாட்டேன். ராஜலிங்கம் சொல்லட்டும். அவர் சொன்னா எனக்கு ஓகே."

இராமகிருஷ்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஓய்வு பெற்ற தபால் உத்தியோகத்தர். "திலீபன் எப்படியும் மாசி மாசம் கட்டாருக்குப் போறான். அவன விட்டுருவோம். கோல்ல ரமேஸ் வேணும். முன்னுக்கு பவாஸ் வேணும், அடிக்கிறவன் அவன் ஒருத்தன்தான். மிச்சம் ஒரு எடம். நிரஞ்சனா, ரஸீனா. என்னக் கேட்டா சின்னப் பையன வைக்கணும். நம்ம எறங்கினது கோல் அடிக்காமத்தான்."

ராஜலிங்கத்துக்குத் தெரியும், அது சரியில்லை என்று. அடிக்காததால் இறங்கவில்லை. நிரஞ்சன் டெங்குக் காய்ச்சலில் படுத்திருந்த ஆட்டங்களில் வாங்கிக் கட்டிக்கொண்டதால் இறங்கினார்கள். அவன் பின்னால் நின்றால் முன்னால் இருக்கிறவன் பயமில்லாமல் ஏறுவான். அவன் இல்லாவிட்டால் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடுவார்கள். ரஸீன் கெட்டிக்காரன், ஆனால் இன்னும் இரண்டு வருஷம் போகவேண்டும். சம்பளம் இல்லாவிட்டாலும் வந்து விளையாடுகிற வயசு அவனுக்கு. கூலி இல்லாமல் நிற்க முடியாத வயசு நிரஞ்சனுக்கு. இதை அப்படியே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

அதற்குள் பஹ்மி சிரித்தார். ரஸீனின் வாப்பா அவர். "மூணாவது ஆளப் பத்தி என்னத்துக்கு இவ்வளவு பேச்சு? ராஜலிங்கம் அண்ணன்ட ஊட்டுப் பானை கொதிக்கோணுமே! மருமகன உட்டுக் குடுப்பாரா?"

இராமகிருஷ்ணனும் சிரித்தார். ஹாஜியார்கூட தாடிக்குள் லேசாகச் சிரித்தார்.

ராஜலிங்கம் வாயை மூடிக்கொண்டார்.

"நிரஞ்சன் வேணாம்" என்றார். "ரஸீன வைங்க."

சிரிப்பு நின்றது.

"ராஜலிங்கம், கோவத்துல சொல்லிய பேச்சா இது?" என்று கேட்டார் ஹாஜியார்.

"இல்ல ஹாஜியார்."

"அவர் ஸ்டோர்ஸ்லயும் நல்ல மனிசன். நான் நெனச்சீந்த…" ஹாஜியார் முடிக்கவில்லை. சொன்ன சொல்லை மாற்றுகிறவர் அல்ல அவர். "சரி. திங்கக்கிழம காலைல தான் ஆக்களுக்குச் சொல்லிய. நாளைக்கு அந்திக்கு மஃரிபு பாங்கு வரைக்கும் யோசிங்க. மாத்தமெண்டா போன்ல ஒரு கோல் எடுங்க. மஃரிபு தாண்டினா நான் கேக்கமாட்டேன்."

பஹ்மி எதையோ சொல்லப் பார்த்தார். ராஜலிங்கம் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

வீட்டில் தேங்காய் ரொட்டியும் கட்டசம்பலும். கருவாடு பொரித்த மணம் ஏற்றத்திலேயே வந்தது. நிரஞ்சன் சீமெந்துத் தூசியைக் கழுவிவிட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ரொட்டியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தான். தர்ஷிகாதான் கேட்டாள்.

"என்னாப்பா முடிவு?"

"நாளைக்குத் தெரியும்."

"எங்களுக்குமா நாளைக்குத் தெரியும்? இவரு ஸ்டோர்ஸுக்கு பெரிய டோர்ச் வாங்கணும்னு சொல்லிக்கிட்டிருக்காரு."

"டோர்ச்ச பொறகு வாங்கலாம்" என்றார் ராஜலிங்கம்.

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த நிரஞ்சனின் கை நிற்கவில்லை. "பாப்பாவுக்குக் காரம் போதும்" என்று சம்பலைத் தள்ளி வைத்தான்.

ஜெயராணி அயன் பண்ணிய ஜேர்சிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ரமேஸ், பவாஸ், ரஸீன் மூன்று பேருடையதையும் பையில் போடச் சொன்னார். அவள் போட்டாள். பிறகு ஐந்தாம் இலக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். அவள் அதை அலுமாரியின் மேல்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அலுமாரிக் கதவு எப்போதும் கிறீச்சிடும். அன்றைக்கு அது எல்லோருக்கும் கேட்டது.

ஞாயிறு மத்தியானம் நிரஞ்சன் வழக்கம்போலக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். "போவோமா மாமா?"

வேண்டாம் என்று சொல்ல ராஜலிங்கத்துக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை.

ரமேஸின் வீடு ரெண்டு சந்து தள்ளி. அவனுடைய அம்மா ஜேர்சியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், பிளேன்டீயும் பிஸ்கட்டும் கொடுத்தாள். "நீங்க ரெண்டு பேரும் வந்தாத்தான் எங்களுக்கு வருஷம் பொறக்குது" என்றாள். பவாஸின் வீட்டில் அவன் உம்மா சுடச்சுட ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். இரண்டு வீட்டிலும் பையை நிரஞ்சன் திறந்தான், ஜேர்சியை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தான், மாமா வீட்டுக்காரி கையில் கொடுத்தார். பை இலேசாகிக்கொண்டே வந்தது.

ரஸீன் வீடு குண்டசாலையில். பஸ்ஸில் ஏறும்போது மணி மூன்று தாண்டியிருந்தது. ராஜலிங்கத்தின் சட்டைப் பையில் போன் கனத்தது. ரஸீனின் ஜேர்சி இன்னும் பையில்தான் இருக்கிறது. கொடுக்காதவரைக்கும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஹாஜியாருக்கு ஒரு கோல் எடுத்தால் போதும். 'யோசிச்சுப் பாத்தேன் ஹாஜியார், நிரஞ்சன்தான் வேணும்.' இவ்வளவுதான். இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் அதைச் சொன்னதும் அந்தப் பக்கம் வரப்போகும் அந்தச் சின்ன மௌனம், தாடிக்குள் அந்தச் சிரிப்பு, பிறகு பஹ்மியின் காதுக்குப் போய், அங்கிருந்து மைதானத்துக்கு… பஸ் பாலத்தைத் தாண்டியது. கீழே மகாவலி கலங்கி ஓடியது. அவர் போனை எடுக்கவில்லை.

ரஸீன் வீட்டுக் கேற்றுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"என்னா மாமா?"

"ஒண்ணுமில்ல. மூச்சு வாங்குது."

நிரஞ்சன் பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டான். வானத்தைப் பார்த்தான். "வாங்க மாமா. மழை வரப் பாக்குது. குடுத்துட்டுப் போயிருவோம்."

அவனே கேற்றைத் திறந்தான்.

ரஸீனின் உம்மா ரபீகா ஜேர்சியை வாங்கி அப்போதே மகனின் தோளில் வைத்துப் பார்த்தாள். "அல்லாட காவல். இவன் ராவு முழுக்க ஒறங்கல்ல." இனிப்புக்கு வட்டலப்பம் வந்தது. பஹ்மி உள்ளேயிருந்து வந்தவர் நிரஞ்சனைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். அவன் வருவான் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

"இரிங்க, இரிங்க" என்றார். உட்கார்ந்தார். எழுந்தார். பிறகு தாங்கமுடியாமல் ராஜலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நான் பகிடிக்கித்தானே சொன்னேன். சும்மா வாயில வந்திச்சி. அதுக்குப் போய் இவர நிப்பாட்டிய எண்டா… என்ட மகனே கேக்கிறான், நிரஞ்சன் அண்ணன் பின்னுக்கு இல்லாம நாங்க எப்பிடி வாப்பா வெளயாடிய எண்டு."

ரஸீன் ஜேர்சியைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். ரபீகா புருஷனையும் நிரஞ்சனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நிரஞ்சன் வட்டலப்பத்தில் இன்னொரு கரண்டி எடுத்தான்.

"தெரியும் பஹ்மி நானா" என்றான். "மாமா வீட்டுலயே சொல்லிட்டாரு. நான் சரின்னுதானே கூட வந்தேன்." பிறகு ரஸீனைப் பார்த்தான். "கோர்னர் வரக்குள்ள பந்தப் பாக்காத. ஆளப் பாரு. பந்து தானா வரும்."

ராஜலிங்கம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் இடம் இருந்தது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வெறும் பையை நிரஞ்சன் நாலாக மடித்து மடியில் வைத்திருந்தான். கண்ணாடியில் மழை வழிந்தது.

"எப்ப தெரியும்?" என்று கேட்டார் ராஜலிங்கம்.

"நேத்து டோர்ச் வேணாம்னீங்களே, அப்ப."

"அப்ப ஏன் வந்த?"

"வேற யாரு பையத் தூக்குறது?"

பஸ் டவுனுக்குள் வந்துவிட்டது. வெளிச்சங்கள் போட்டுவிட்டார்கள். நிரஞ்சன் தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"மாமா, ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்காதீங்க. பஹ்மி நானா சொன்ன பேச்சுக்காகவா என்ன நிப்பாட்டினீங்க? இல்ல ஆட்டத்துல ஏதாச்சும் கொறையா?"

ஒரு பகிடிக்காக உன் சோற்றைப் பறித்தேன் என்று ஒரு மனுஷன் எப்படிச் சொல்லுவான்? அதுவும், பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம்.

"வலது முழங்கால்" என்றார். "காய்ச்சலுக்குப் பொறகு பழைய மாதிரி இல்ல. திரும்பக்குள்ள இழுக்குது. ஒனக்குத் தெரியாது. எனக்குத் தெரியுது."

நிரஞ்சன் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தான். கையால் அதை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தான்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். மஃரிபு. ராஜலிங்கம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை நிரஞ்சன் ஸ்டோர்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தான். ஒரு கிழமை டவுனில் அங்கே இங்கே கேட்டுப் பார்த்தான். கட்டிட வேலை எங்கேயும் இல்லை. மார்க்கெட்டில் மூட்டை தூக்க ஒரு நாள், ஹோட்டலில் பாத்திரம் கழுவ ரெண்டு நாள். சாப்பாட்டுக்கு உட்காரும்போது 'பசி இல்ல அத்தை' என்று எழுந்துவிடத் தொடங்கினான். வேலையில்லாமல் மாமனார் வீட்டுச் சோறு அவனுக்கு இறங்கவில்லை. தைப்பொங்கல் கழிந்த பிறகு ஒரு காலையில் தர்ஷிகாவும் அவனும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஹந்தானைக்கு, அவன் அம்மாவின் லயக் காம்பராவுக்குப் போய்விட்டார்கள். சண்டை ஒன்றும் இல்லை. தர்ஷிகா அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போனாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் ஜெயராணி குழாயடியில் பேசினைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "அடுத்த தடவ ஒங்க ஜேர்சிய வேற வீட்டுல கழுவக் குடுங்க." அதற்குப் பிறகு சோறு போடும்போதும் அவளுக்குப் பேச்சில்லை.

மாசியில் பிராக்டிஸ் தொடங்கியது. முதல் சிநேகபூர்வ ஆட்டத்திலேயே நடுவில் பெரிய வாசல் திறந்து கிடந்தது. எதிரணிக்காரர்கள் சும்மா நடந்து போவதுபோலப் போய் அடித்தார்கள். "டேய் அஞ்சு, பின்னால பாரு!" என்று ராஜலிங்கம் ஒரு தடவை கத்திவிட்டார். மைதானத்தில் அஞ்சு இல்லை. பையன்கள் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

அடுத்த கிழமை செல்லச்சாமி வந்தார். கம்பளைப் பக்கத்தில் ஒரு கழகத்தின் காரியதரிசி. குண்டான, வாய் ஓயாத மனுஷன். கையில் ஒரு பெட்டி கேக்.

"அண்ணே, ஒங்கள கேக்காம நேரா அவன்கிட்டப் போனா அது மரியாதையில்ல. எங்களுக்கு நிரஞ்சன் வேணும். எங்க மொதலாளி பேக்கரி வச்சிருக்காரு, வேலை ரெடி. பாண் போடுற வேன்ல போகலாம். அவனுக்கு இருக்க ஒரு ரூமும் தாறாரு. போன வருஷம் அவன்கிட்ட பட்ட பாடு எங்களுக்குத்தானே தெரியும்! எங்க ஃபோர்வட் பையன் ஒருத்தன் சொல்றான், 'அண்ணே, அந்த ஆள வாங்குங்க, இல்லாட்டி நான் வெளயாட மாட்டேன்'னு. நீங்க எதுக்கு விட்டீங்கன்னு நான் கேக்கல. ஒங்க வீட்டு விஷயம்."

சமையல் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. ஜெயராணி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க" என்றார் ராஜலிங்கம். "நானே கூட்டிக்கிட்டுப் போறேன்." நிறைய நாளைக்குப் பிறகு ஜெயராணி அவர் முகத்தைப் பார்த்து, "குடையக் கொண்டுபோங்க" என்றாள்.

த்ரீவீல் ஹந்தானை ஏற்றத்தில் முனகிக்கொண்டு ஏறியது. பாதி வழியில் மூடுபனி இறங்கிவிட்டது. லயத்து வாசலில் தர்ஷிகா அப்பாவைக் கண்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். நிரஞ்சன் அப்போதுதான் மலையிலிருந்து வந்திருந்தான். கொழுந்து மூட்டை தூக்குகிறானாம். முதுகுச் சட்டை பச்சையாக நனைந்திருந்தது. வெளியே லயத்துப் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் காலுக்குப் பெரிய பூட்ஸ் போட்டு, நுனியில் துணி அடைத்திருந்தான். அது நிரஞ்சனின் பூட்ஸ் என்று ராஜலிங்கத்துக்குப் பார்த்ததும் தெரிந்தது.

டீ வந்தது. செல்லச்சாமி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். பேக்கரி, வேன், ரூம். தர்ஷிகா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது.

நிரஞ்சன் பொறுமையாகக் கேட்டான். பிறகு சொன்னான்:

"பெரிய மனசு அண்ணே. ஆனா என்னால ஏலாது. எனக்கு வலது முழங்கால் போயிருச்சு."

"என்னா தம்பி சொல்ற? போன வருஷம் குதிரையாட்டம் ஓடின!"

"வெளிய தெரியாது. மாமா பாத்துட்டுச் சொன்னாரு. ஒங்க சம்பளத்த வாங்கிக்கிட்டு பாதி சீசன்ல படுத்துட்டேன்னா அது துரோகம்."

செல்லச்சாமி ராஜலிங்கத்தைப் பார்த்தார். "அப்படியா அண்ணே?"

எல்லோரும் பார்த்தார்கள். தர்ஷிகாவும் பார்த்தாள். வெளியே பந்து சுவரில் மோதும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ராஜலிங்கம் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இல்ல" என்றார். "அவன் கால்ல ஒண்ணுமில்ல. நான் சொன்னது பொய். பஹ்மி ஒரு வார்த்த சொல்லிட்டாருன்னு, எனக்கு ரோஷம் வந்து நிப்பாட்டினேன். அத மறைக்க முழங்கால்னு சொன்னேன். இந்தக் கண்டியில இவன் மாதிரி பின்னுக்கு நிக்கிறவன் ஒருத்தனும் இல்ல. கூட்டிக்கிட்டுப் போங்க."

இவ்வளவு நீளமாக அவர் நிரஞ்சனைப் பற்றிப் பேசியது அவன் கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. நிரஞ்சனைப் பார்த்தார்.

நிரஞ்சன் சிரித்துக்கொண்டிருந்தான். கோபம் இல்லாத, அன்பான சிரிப்பு.

"பாத்தீங்களா அண்ணே" என்றான் செல்லச்சாமியிடம். "எங்க மாமா மைதானத்துல எனக்காக ஒரு நாளும் ஒரு வார்த்த பேசினதில்ல. யாருக்காகவும் பொய் சொன்னதில்ல. இன்னைக்கு மகள் படுற பாட்டப் பாத்து, வாழ்க்கையில மொத தடவையா எனக்காகப் பொய் சொல்றாரு. மாமாவையே பொய் சொல்ல வச்சிட்டேனேன்னுதான் எனக்குக் கவலை."

"நான் பொய் சொல்லலடா" என்றார் ராஜலிங்கம்.

"சரி மாமா."

"தர்ஷிகா, நீயாவது சொல்லு."

தர்ஷிகா ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தாள். எதை நம்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணிலிருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

செல்லச்சாமி கோப்பையைச் சுழற்றிக்கொண்டு தொண்டையைச் செருமினார். மருமகனைத் தள்ளிவிடத் துடிக்கும் ஒரு மாமனாரும், கால் சரியில்லை என்று தானே சொல்லும் ஒரு விளையாட்டுக்காரனும். மொதலாளியிடம் போய் என்ன சொல்ல? "சரி தம்பி, அவசரமில்ல. டொக்டர்கிட்ட ஒருக்கா காட்டுங்க. நானும் மொதலாளிகிட்டப் பேசிட்டு கோல் எடுக்கிறேன்" என்றார். கேக் பெட்டியைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். கோல் வராது என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்தது.

மழை பிடித்துக்கொண்டது. த்ரீவீல் கீழ் ரோட்டில் நின்றது.

"இருங்க, படி வழுக்கும். நான் கொண்டுபோய் விடுறேன்" என்று நிரஞ்சன் குடையை விரித்து செல்லச்சாமியைக் கூட்டிக்கொண்டு இறங்கினான்.

ராஜலிங்கம் வாசலில் நின்று பார்த்தார். நிரஞ்சன் இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இடது காலை முதலில் வைத்து, பிறகு வலது காலை மெதுவாக, வளைக்கப் பயந்தவன்போல இழுத்துக்கொண்டு இறங்கினான். காலில் நோவு இருக்கிறவன் அப்படி இறங்கமாட்டான், நோகிற காலைத்தான் முதலில் கீழே வைப்பான். நோவு இருப்பதாக நம்புகிறவன்தான் அப்படி இறங்குவான். அந்த வித்தியாசம் ராஜலிங்கத்தின் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது.